ஊசிக்கோட்டைக்கு ஆறு நாள் வழி

அன்புள்ள சரவணா,

நீ விமானம் ஏறி இன்றோடு ஒன்பது நாள். வீட்டில் எல்லாம் அதது பாட்டுக்கு நடக்கிறது. காலையில் பால் வருகிறது. கரண்ட் போகிறது, வருகிறது. நேற்று கேஸ் சிலிண்டர் வந்தது. கொண்டுவந்தவர், "செல்வம் இல்லைங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். ஓடிபி எண் கேட்டார். அது உன் தம்பியின் போனுக்குத்தான் வந்திருந்தது. அலமாரியிலிருந்து அவன் போனை எடுத்து, எண்ணைப் பார்த்துச் சொன்னேன். அவர் போய்ச் சற்று நேரம் கழித்துத்தான், செல்வம் வெளியே போயிருக்கிறான் என்பதுபோல அந்த ‘இல்லை’யை நான் சொல்லியிருக்கிறேன் என்பது உறைத்தது. உறைத்தும் ஒன்றும் ஆகவில்லை. சிலிண்டரை உருட்டிப்போய்ச் சமையலறையில் வைத்தேன்.

உன் அம்மா அழுது ஓய்ந்துவிட்டாள். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் இருக்கிறதா இல்லையா என்று தொட்டுத் தொட்டுப் பார்ப்போமே, அப்படி இருக்கிறது. ஐந்து நாள் காய்ச்சலில் இருபத்தெட்டு வயதுப் பிள்ளை போய்விட்டான் என்று வாயால் சொல்ல முடிகிறது. துக்கம் கேட்க வருகிறவர்களிடம் எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன். யாருக்கோ நடந்ததைப் போல வரிசை மாறாமல் சொல்கிறேன். நீயும் அப்படித்தான் இருந்தாய். கொள்ளி வைத்தபோதும் பதினாறாம் நாள் காரியத்திலும் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

திருச்சி ஏர்போர்ட்டில் வைத்து நீயே அதைச் சொன்னாய். "அவனுக்கும் எனக்கும் நடுவுல ஒண்ணுமே இல்லப்பா. அதான் அழுகை வரல. அன்னைக்கு ஒரு வார்த்த சொல்லியிருந்தான்னா போதும்." என்றைக்கு என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, "என்னைக்குடா?" என்று கேட்டேன். "விடுங்க, ஊசிக்கோட்டை" என்று சொல்லி லேசாகச் சிரித்தாய். பதினேழு வருடத்துக்குப் பிறகு அந்தப் பெயரை உன் வாயிலிருந்து கேட்டேன். அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். "சரி, பாத்துப் போ. எறங்குனதும் போன் போடு" என்று சொல்லி உன்னை அனுப்பிவிட்டேன். அன்னவாசல் வந்து சேரும்வரை வேன் டிரைவரோடு மழையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தேன்.

இதை போனில் சொல்ல என்னால் ஆகாது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பாதியிலே நீ நிறுத்திவிடுவாய். அதனால் பேப்பரில் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டுவேன். பிறகு தபாலில் சேர்க்கும்வரை டிவி மேஜை மேல் திறந்தபடியே கிடக்கும். வருகிற போகிற யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். ஒளித்து வைத்து ஒளித்து வைத்துத்தான் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. உனக்குத் தெரிந்த விஷயத்தையும் முதலிலிருந்தே எழுதுவேன், சலித்துக்கொள்ளாதே. நீங்கள் விளையாடிய அந்தப் போரைப் பற்றி அம்மாவுக்கு, நீங்கள் கூடம் முழுக்கக் காகிதத்தைப் பரப்பி அவளைப் பெருக்கவிடாமல் செய்தீர்கள் என்பதற்கு மேல் எதுவும் தெரியாது.

நீ ஏழாவது முடித்த கோடை லீவு அது. அவன் மூன்றாவது முடித்திருந்தான். ஒரே சைக்கிளுக்கு இரண்டு பேரும் அடித்துக்கொண்டு, அவனுக்கு உதடு கிழிந்துவிட்டது. எனக்கு அடித்துத் திருத்தத் தெரியாது, உட்கார்ந்து பேசவும் தெரியாது. தெரிந்ததெல்லாம் அளப்பதும் படம் வரைவதும்தான். தாலுகா ஆபீசில் சர்வேயராக இருந்தவன் வேறு என்ன செய்வேன். கழித்துப்போட்ட படத்தாள்கள் கொஞ்சம் வீட்டில் இருந்தன. அதில் ஒன்றை எடுத்து விரித்து, நடுவில் ஒரு ஆற்றை வரைந்தேன். "இங்கிட்டு ஒன் நாடு, அங்கிட்டு அவன் நாடு. சண்டை போடுறதுன்னா இதுல போடுங்க. கையில வேண்டாம்" என்றேன். ஒரு வாரத்துக்குத் தாங்கும் என்று நினைத்தேன். மூன்று வருடம் ஓடியது.

உன் நாட்டுக்கு வஜ்ரநாடு என்று பெயர் வைத்தாய். அவன் தும்பிநாடு என்று வைத்தான். எதற்கு என்று கேட்டதற்கு, தும்பி பிடிக்க ஆள் வரும்போது அது பறந்துவிடுகிறது, அதனால் யாராலும் ஜெயிக்க முடியாது என்றான். உன் படை புளியங்கொட்டை, அவன் படை வேப்பங்கொட்டை. வாரத்துக்கு ஒரு நகர்வு. நீங்கள் இரண்டு பேரும் உங்கள் உத்தரவைத் துண்டுச் சீட்டில் எழுதி, மடித்து, காலியான பவுடர் டப்பாவில் போட்டுவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் திறந்து படித்து, அளவுகோலை வைத்து அளந்து, எந்தப் படை எதுவரை போயிற்று, எங்கே மோதியது, யார் பிழைத்தது என்று அறிவிப்பேன். ஒரு படை ஒரு நாளைக்கு இருபது கிலோமீட்டர் நடக்கும். நடுவர் வழியாக அல்லாமல் இரண்டு நாடுகளும் ஒன்றுக்கொன்று எந்தச் சேதியும் அனுப்பக்கூடாது. இந்தக் கடைசி விதி நீ போட்டது. நீ தன்னை மிரட்டிச் சரணடைய வைக்கிறாய் என்று அவன் என்னிடம் கோள் சொன்னபோது, நியாயமாக நடந்துகொள்வதைக் காட்ட நீயே எழுதிக் கொடுத்தாய். அவன் அதை வேதமாகப் பிடித்துக்கொண்டான்.

உலகம் பெருகிக்கொண்டே போயிற்று. முதல் ஆறு தாளையும் நானும் நீயும் வரைந்தோம். ஒரு சென்டிமீட்டருக்குப் பத்து கிலோமீட்டர் என்ற கணக்கு. ஏழாம் தாளை மட்டும், தானே வரைவேன் என்று அடம்பிடித்து அவன் வரைந்தான். அது தும்பிநாட்டின் மேற்குப் பக்கம். அவன் நாட்டில் ஊர்கள் அதிகம். எல்லா ஊருக்கும் பெயர் எழுத வேண்டும், அதுவும் சீடை, அதிரசம், முறுக்கு என்று பலகாரப் பெயர்கள். பத்து கிலோமீட்டர் கணக்கில் வரைந்தால் பெயர் எழுத இடம் போதவில்லை. அதனால் ஒரு சென்டிமீட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு, தாளின் கீழ் மூலையில் பென்சிலால் பொடியாக அதை எழுதியும் வைத்தான். படம் வரைந்தால் அளவை எழுத வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது நான். பார்த்தால் வேறு யாருக்கும் தெரியாத அளவுக்குப் பொடி எழுத்து. நீ பார்த்துவிட்டாய்.

நீ பத்தாவது பரீட்சை எழுதி முடித்திருந்தாய். பதினொன்றுக்குப் புதுக்கோட்டை ஹாஸ்டலுக்குப் போவதற்குள் போரை முடித்துவிட வேண்டும் என்று இரண்டு பேரும் ஒப்புக்கொண்டீர்கள். அவன் தலைநகரான ஊசிக்கோட்டையை நீ பெரும்படையோடு தெற்கு வாசலில் முற்றுகையிட்டாய். அவன் தன் ஆட்களை எல்லாம் தெற்குப் பக்கம் கொண்டுவந்து குவித்தான். வடக்கு வாசலில் காவலுக்கு ஆள் இல்லை. துறைமுகத்தில் இருந்த படையை அங்கே வரச் சொல்லி உத்தரவு போட்டான். அந்த வழி முழுக்க ஆறாம் தாளில், பதினான்கு சென்டிமீட்டர், அதாவது ஏழு நாள். ஆனால் அதே வாரம் நீ வேறொரு சீட்டு போட்டிருந்தாய். உன் இரண்டாம் படை நாலாம் தாளின் கணவாய் வழியாகப் போய், ஏழாம் தாளில் இறங்கி, சுற்றிக்கொண்டு வடக்கு வாசலுக்கு வருகிறது. நாலாம் தாளில் எட்டு சென்டிமீட்டர். ஏழாம் தாளில் எட்டு சென்டிமீட்டர். அந்தத் தாளின் அளவு வேறு என்பதைக் கணக்குப் போட்டு, ஆறாம் நாள் உன் படை திறந்த வாசலில் நிற்கும்படி திட்டம் போட்டிருந்தாய். பதினைந்து வயதுப் பையன் இப்படி யோசித்திருக்கிறான் என்று இப்போது நினைத்தால் பெருமையாக இருக்கிறது. அப்போது நான் அதைப் பார்க்கவே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வேலையாகக் குன்றாண்டார்கோவில் பக்கம் போய்விட்டு வந்திருந்தேன். அண்ணன் தம்பி பாகப்பிரிவினை அளப்பு. லீவு நாளில் இரண்டு பேரும் ஊரில் இருப்பார்கள் என்று வரச்சொல்லியிருந்தார்கள். வெயில் ஏறும்வரை நின்று அளந்து எல்லைக்கல் ஊன்றிய பிறகு, மூத்தவர் ஊர்க்காரர்கள் முன்னால், "சார், ஒங்க அளவுச் சங்கிலியில கோளாறு இருக்கும்போலருக்கே. எங்க தாத்தா காலத்து வரப்பே இங்கிட்டுத்தான் இருந்துச்சு" என்றார். பத்துப் பேர் சிரித்தார்கள். நான் மறுபடி அளந்து காட்டினேன், சரியாகத்தான் இருந்தது. இருந்தாலும் அந்தச் சிரிப்பு என்னோடு பஸ் ஏறி வந்துவிட்டது. சட்டையைக்கூடக் கழற்றாமல் டப்பாவைத் திறந்து சீட்டுகளைப் படித்தேன். அளவுகோலை வைத்தேன். எட்டும் எட்டும் பதினாறு, பதினாறு சென்டிமீட்டர், நூற்று அறுபது கிலோமீட்டர், எட்டு நாள். இரண்டு தாளைச் சேர்த்து அளக்கும்போது ஒவ்வொன்றின் அளவையும் முதலில் பார் என்பது, புதிதாக வேலைக்குச் சேருகிறவனுக்கு முதல் நாள் சொல்லிக் கொடுக்கிற பாடம். நானே எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

அறிவித்தேன். "தும்பிநாட்டுத் துறைமுகப் படை ஏழாம் நாள் ஊசிக்கோட்டைக்குள்ள நொழஞ்சிருச்சு. வஜ்ரநாட்டு ரெண்டாம் படை எட்டாம் நாள்தான் வந்து சேருது. வெட்டவெளியில மாட்டி அழிஞ்சது. முற்றுகை ஒடஞ்சது. போர் முடிஞ்சது, தும்பிநாடு ஜெயிச்சது." செல்வம் குதிக்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நீ நிதானமாகத்தான் சொன்னாய்: "அப்பா, ஏழாம் தாள் அளவு வேறப்பா. அஞ்சு. கீழ எழுதியிருக்கு, பாருங்க." நான் குனிந்து பார்த்திருந்தால் போதும். அரை நிமிட வேலை. பார்க்கவில்லை. "இருவது வருஷமா அளக்குறேன், நீ எனக்கு அளவு சொல்லித் தாரியா? தோத்தா தோத்தேன்னு ஒத்துக்க. தோத்தவன் பேச்செல்லாம் பேசாத" என்றேன். காலையில் அந்த மூத்தவருக்குச் சொல்ல முடியாததை எல்லாம் உனக்குச் சொன்னேன்.

அப்புறம் நீ அவன் பக்கம் திரும்பினாய். "டேய், நீதானடா வரஞ்ச. சொல்லுடா." அவன் உன்னைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் எப்படிப் பார்த்தேன் என்று எனக்குத் தெரியும். பதினோரு வயதுப் பிள்ளை அந்தப் பார்வைக்கு முன்னால் வேறு எதுவும் சொல்லியிருக்க முடியாது. "தெரியல" என்றான். நீ எழுந்து போய்விட்டாய். நான் தாள்களைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு மரப்பீரோவுக்கு மேலே வைத்தேன்.

விளையாட்டுக்காகவா அண்ணனும் தம்பியும் பேசாமல் இருந்தார்கள் என்று இதைப் படிக்கிறவர்கள் கேட்பார்கள். விளையாட்டுக்காக இல்லை என்று உனக்கும் எனக்கும் தெரியும். முகத்தைப் பார்த்து நீ கேட்டபோது அவன் உன்னைக் கைவிட்டான் என்று நினைத்துக்கொண்டாய். அதற்குப் பிறகு அவன் உன்னிடம் எதைச் சொன்னாலும் அந்தத் ‘தெரியல’ வந்து நடுவில் நின்றது. சண்டை ஒன்றும் கிடையாது. சாப்பிட்டாயா, அம்மா எங்கே, சார்ஜர் எங்கே, அவ்வளவுதான். பார்க்கிறவர்களுக்கு இரண்டு பேரும் அமைதியான பிள்ளைகள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். என்னிடமும் நீ அதற்குப் பிறகு எதற்கும் நியாயம் கேட்டு வரவில்லை. டிப்ளமோ சேர்ந்ததையும், குவைத்துக்குப் போவதையும், கல்யாணத்துக்குப் பெண் பிடித்திருக்கிறது என்பதையும் முடிவு செய்துவிட்டுத்தான் சொன்னாய்.

தப்பை ஒத்துக்கொள்ளத் தெரியாத ஆள் என்று என்னை நினைத்துவிடாதே, அதைவிட மோசம். அதற்கு அடுத்த வருடமோ என்னவோ, வல்லத்திராக்கோட்டையில் ஒரு விவசாயியின் நிலத்தில் ஒரு கல்லை இடம் மாற்றி ஊன்றிவிட்டேன். வீட்டுக்கு வந்து கணக்குப் பார்க்கும்போது தெரிந்தது. மறுநாள் முதல் பஸ்ஸில் போய், "ஐயா, நான்தான் தப்பா ஊனிட்டேன்" என்று சொல்லிப் பிடுங்கிச் சரியான இடத்தில் வைத்துக் கொடுத்தேன். அவர் கோபப்படவே இல்லை. "மனுசன்தானே சார்" என்று சொல்லி மோர் வாங்கிவரச் செய்தார். குடித்துவிட்டு வந்தேன். முன்பின் தெரியாதவரிடம் எனக்கு அது அவ்வளவு சுலபமாக இருந்தது. பெற்ற பிள்ளையிடம் ஏன் முடியவில்லை என்று இத்தனை நாளாக யோசிக்கிறேன். அப்பா தப்பு செய்தால் அப்பாவே இல்லாமல் போய்விடுவார் என்று நினைத்தேனோ என்னவோ.

இனிமேல் எழுதப்போவது உனக்குத் தெரியாதது. அந்தத் திங்கட்கிழமை காலை நான் முகச்சவரம் செய்துகொண்டிருந்தபோது செல்வம் வந்து என் பின்னால் நின்றான். கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. "அப்பா, அண்ணன் சொன்னதுதான் சரி. அந்தத் தாளு அஞ்சுதான். நான்தான் வரஞ்சேன். நேத்து பயந்துட்டேன்" என்றான். பிளேடைக் கீழே வைத்துவிட்டுப் போய்ப் பீரோ மேலிருந்த சுருளை எடுத்து விரித்தேன். கீழ் மூலையில் அவன் கையெழுத்து. எண்பதும் நாற்பதும் நூற்று இருபது. ஆறு நாள். உன் படை ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டது. வடக்கு வாசலில் அதைத் தடுக்க ஒருவர்கூட இல்லை. நீ ஜெயித்துவிட்டாய்.

"சொல்லிருங்கப்பா. இல்லாட்டி நான் சொல்லவா?" என்றான். "நடுவர் சொன்னது சொன்னதுதான்டா. இனிமே மாத்துனா யாரு மதிப்பா? வாய மூடிட்டு இரு. அண்ணன்ட்ட ஒண்ணும் பேசக்கூடாது" என்றேன். அவன் தலையாட்டினான். சோப்பு காய்ந்துபோன கன்னத்தோடு நான் நின்றிருந்தேன். சவரத்தை முடித்துவிட்டு ஆபீசுக்குக் கிளம்பினேன்.

அதோடு முடிந்திருந்தால் என் தப்பு ஒன்றுதான். சாயங்காலம் நான் வந்து சைக்கிளை நிறுத்தும்போது வாசலிலேயே நின்று, மடித்த சீட்டு ஒன்றைக் கொடுத்தான். தும்பிநாட்டு அரசனின் கடைசி உத்தரவு, வஜ்ரநாட்டு அரசனிடம் சேர்ப்பிக்க வேண்டும் என்றான். உன்னிடம் அவனே நேராகக் கொடுத்திருக்கலாம். ஆனால் விதி இருக்கிறதே, நடுவர் வழியாகத்தான் போக வேண்டும். வாய் பேசக்கூடாது என்று நான் வேறு சொல்லியிருந்தேன். சீட்டுக்கு அதில் தடை இல்லை என்று பகல் முழுக்க யோசித்துக் கண்டுபிடித்திருக்கிறான். பிரித்துப் படித்தேன். சரணடைகிறான். ஜெயித்தவன் தோற்றவனிடம் சரணடைகிறான். என் தப்பை நான் ஒத்துக்கொள்ளாமலேயே உன் வெற்றி உனக்கு வந்துசேர ஒரு வழி செய்து கொடுத்திருக்கிறான். என் மானத்தையும் சேர்த்துக் காப்பாற்றியிருக்கிறான்.

"குடுத்துடுறேன்" என்றேன். கொடுக்கவில்லை. கொடுத்தால், ஜெயித்தவன் எதற்குச் சரணடைகிறான் என்று நீ கேட்பாய். கேட்டால் எல்லாம் வெளியே வரும். மறுநாள் காலையில் வெந்நீர் அடுப்பில் விறகோடு சேர்த்துப் போட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்து அவன் கேட்டான்.

"அண்ணன்ட்ட குடுத்துட்டீங்களாப்பா?"

"குடுத்துட்டேன்."

"என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல."

அவ்வளவுதான் சரவணா. என் தொழிலில் எத்தனையோ பேருடைய வரப்பை அளந்து கொடுத்திருக்கிறேன். உங்கள் இருவருக்கும் நடுவில் இந்த நாலு வரியில் ஒரு வரப்பைப் போட்டேன், பிறகு யாரும் அதைத் தாண்டவில்லை. அவன் உனக்கு எழுதிவிட்டதாகவும், நீ படித்துவிட்டுப் பதிலே சொல்லவில்லை என்றும் நினைத்துக்கொண்டு வளர்ந்தான். நீ அவன் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டு வளர்ந்தாய். ஹாஸ்டலிலிருந்து நீ லீவுக்கு வரும்போதெல்லாம் அவன் உன் பையைச் சுற்றிச் சுற்றி வருவான். நீ கண்டுகொள்ள மாட்டாய். நான் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன்.

நீ முதல்முறை குவைத்துக்குப் போனபோது உன்னை அனுப்பிவிட்டு நானும் அவனும் திருச்சியிலிருந்து பஸ்ஸில் திரும்பினோம். அவனுக்கு அப்போது பத்தொன்பது வயது. கீரனூர் தாண்டியதும் கேட்டான். "அப்பா, சின்னப்புள்ளையில ஒரு சீட்டு குடுத்தேனே, அத அண்ணன் நெசமாவே படிச்சானா?" அதுதான் அவன் கேட்டுத் தந்த கடைசி வாய்ப்பு. அடுத்த நாளே உனக்கு போன் போட்டிருக்கலாம். சிரித்துவிட்டுப் போயிருப்பீர்கள். "படிச்சான்டா. அத இன்னுமா நெனச்சுக்கிட்டு இருக்க?" என்றேன். "சும்மாதான் கேட்டேன்" என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அதற்குப் பிறகு கேட்கவில்லை. காய்ச்சலில் படுத்திருந்த ஐந்து நாளும் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அப்போதும் நான் சொல்லவில்லை. சரியாகி எழுந்துவிடுவான் என்றுதான் இருந்தேன்.

உனக்குப் புத்தி சொல்கிற தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் அப்பன் எழுதுகிற கடிதத்தில் ஒன்றாவது இருக்க வேண்டும். உன் மகள் இப்போதுதான் எதற்கெடுத்தாலும் ஏன் ஏன் என்று கேட்கத் தொடங்கியிருக்கிறாள். நாளைக்கு அவள், "நீங்க சொல்றது தப்புப்பா, கீழ பாருங்க" என்று சொன்னால், குனிந்து பார். அவள் சொல்வது தப்பாகவும் இருக்கலாம். இருந்தாலும் பார். பார்த்துவிட்டு, அவள் சொன்னது சரி என்றால், அன்றைக்கே சொல்லிவிடு. ஒரு ராத்திரி போனால் சொல்வது கொஞ்சம் கஷ்டம். ஒரு வருடம் போனால் ரொம்பக் கஷ்டம். பதினேழு வருடம் போனால் சொல்லவேண்டிய ஆளே இருப்பதில்லை.

நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று இதை எழுதவில்லை. பேசாமல் இருந்தாலும் சரி, அது உன் இஷ்டம். நான் கேட்பது ஒன்றுதான். தம்பி உன்னைக் கைவிட்டான் என்கிற அந்தக் கணக்கை மட்டும் அடித்துவிடு. அது என் கணக்குத் தப்பு, அவனுடையது இல்லை.

மேலே எழுதியதை இப்போதுதான் உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். வெந்நீர் அடுப்பு வந்த இடத்தில் கை நின்றது. முடிக்கும்வரை அந்தக் கீரையைக் கையில் பிடித்தபடியே இருந்தாள். பிறகு, "என்ன எழுதியிருந்தான் புள்ள?" என்று கேட்டாள். சொன்னேன். சொல்லும்போது துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இந்த இருபத்தைந்து நாளில் முதல் தடவை. அவள் என்னைப் பார்க்காமல், "அத எழுதாம அனுப்பாதீங்க" என்றாள்.

சீட்டு எரிந்துவிட்டது. எழுத்து மறக்கவில்லை. கோடு போட்ட நோட்டுத் தாள், நீல மை, மூன்று வரி. பவுடர் டப்பாவைத் திறந்து படிப்பேனே, அதே போல உனக்கு இப்போது அறிவிக்கிறேன். நீ அங்கே அழுதாலும் அழாவிட்டாலும், இது உனக்கு வந்தது என்று தெரிந்துகொள்.

"தும்பிநாடு வஜ்ரநாட்டிடம் சரணடைகிறது.
அண்ணன்தான் முதலில் வந்தது.
கதவைத் திறந்து வைத்திருக்கிறேன், உள்ளே வரவும்."

இப்படிக்கு,
அப்பா